வைரசின் வெல்லப் போர்வையும் பாலமுனை மணலும்

இலங்கையில் கொவிட்-19 தொற்றினால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி கட்டாயமாக்கியது. அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் அதிகம் அடிபட்டது நிலக்கீழ் நீர்: புதைத்த உடலிலிருந்து வைரசு கசிந்து கிணறுகளைச் சேருமாம். அடக்கமோ தகனமோ எதையும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (இறந்தோரின் உடல்களை) எரிப்பது பற்றிய விவாதம் உரிமை, மார்க்கம், அரசியல் ஆகிய தளங்களில் நடந்தது, நடக்கவேண்டியதும் அங்கேதான். ஆயினும் நிலக்கீழ் நீர் நியாயம் பௌதிகவியலின் உடையில் வந்தது. அதைப் பௌதிகமாகவே சோதிப்பதற்குக் கிழக்குக் கரையிலுள்ள பாலமுனை போன்ற ஊர்கள் பொருத்தமானவை. கரையோர மணல், ஆழமில்லாத நீர்மட்டம், வளவுக்கு வளவு கிணறு: அந்த வாதத்துக்கு இதைவிடச் சாதகமான நிலம் கிடைக்காது.

முதலில் வைரசைப் பார்ப்போம். கொவிட்-19ஐ உண்டாக்கும் சார்ஸ்-கோவி-2 துணிக்கை சுமார் 100 நனோமீற்றர் அகலமானது. அதன் கொழுப்புச் சவ்வில் முள் புரதங்கள் ஊன்றி நிற்கின்றன. ஒவ்வொரு முள்ளும் மூன்று கூறுகளால் ஆனது. கூறொன்றுக்கு 22 ஆக, முள்ளொன்றில் வெல்லச் சங்கிலி பூட்டக்கூடிய 66 இடங்கள் உள்ளன. அந்த வெல்லம் வைரசின் சொந்தச் சரக்கல்ல. மனிதக் கலத்தின் அகமுதலுருச் சிறுவலையும் கொல்கி உடலும் பூட்டிவிட்டது. நம்முடைய வெல்லத்தைப் போர்த்திக்கொண்டு வருவதால் பிறபொருளெதிரிகள் அடியிலுள்ள புரதத்தை எளிதில் எட்டுவதில்லை. இதை மறைப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. கலிபோர்னியாவில் ரோமி அமாரோவின் குழு 2020இல் செய்த கணினிப் பாவனைகள், 165ஆம் 234ஆம் இடங்களிலுள்ள வெல்லங்கள் முள்ளின் பற்றும் பகுதியை நிமிர்ந்த நிலையில் முட்டுக்கொடுத்துத் தாங்குவதைக் காட்டின. 234ஆம் இடத்து வெல்லத்தை நீக்கிய பரிசோதனையில், மனிதக் கலத்தின் ஏற்பியைப் பற்றும் திறன் ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது. வெல்லம் இங்கே பொறிமுறையின் ஓர் உறுப்பு.

இனி மணலுக்கு வருவோம். வெல்லம் நீரை நாடும். அதன் நுனிகள் சிலவற்றில் உள்ள சியாலிக் அமிலம் மறையேற்றம் கொண்டது. குவார்ட்சு மணலின் மேற்பரப்பும் கிணற்று நீரில் மறையேற்றம் கொண்டதே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளுமானால், துணிக்கை மணலில் ஒட்டாமல் நீரோடு நகர இடமுண்டு. எரிப்பை ஆதரித்தோருக்கு வாய்க்கக்கூடிய மிக வலுவான வாதம் இதுதான். இதை ஒளித்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. கரையோர நீரில் கரைந்துள்ள சோடியம், கல்சியம் அயன்கள் அந்தத் தள்ளுகையை மட்டுப்படுத்தும் என்று பதில் சொல்லலாம். மாரியில் மழைநீர் மணலில் இறங்கி உப்பைக் கழுவும்போது அந்தப் பதிலும் தளர்ந்துவிடும். ஏற்றத்தை மட்டும் வைத்து இந்த வழக்குத் தீராது.

தீர்ப்பது சவ்வு. முள்ளும் அதன் வெல்லமும் செய்யும் வேலை எல்லாம் சவ்வு குலையாதிருக்கும் வரைதான். அதைச் சிதையாமல் காக்கும் வலு வெல்லத்துக்கு இல்லை. உடலின் கலங்கள் மாண்டபின் புதிய வைரசு உருவாவதும் இல்லை. அழுகும் இழையத்தில் பற்றீரியா நொதியங்கள் கொழுப்பையும் புரதத்தையும் வெல்லத்தையும் ஒருசேர அரிக்கின்றன. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், அறை வெப்பநிலையில் குழாய்நீரில் இட்ட வைரசின் தொற்றுத்திறன் இரண்டு நாளுக்குள் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. மிக அதிக அளவில் இட்டபோது ஏழு நாளும் சிறிது எஞ்சியது என்பதையும் சொல்லவேண்டும். வைரசின் மரபுப்பொருளான ஆர்என்ஏயின் துண்டுகளோ அதைவிட நீண்டு கிடந்தன. துண்டுகள் கிடப்பதால் தொற்றுத்திறன் இருப்பதாக ஆகாது. நோரோ, போலியோ, குடல்வழி வெளியேறும் ஈரல் அழற்சி-ஏ ஆகிய வைரசுகளுக்கு அந்தக் கொழுப்புச் சவ்வு உறை இல்லை. மலத்தோடு வெளியேறி நீரில் நெடுநாள் தாக்குப்பிடிப்பவை அவை. ஆகவே கிணற்றுக்காரர் அளந்து பார்க்கவேண்டியது மலசலகூடக் குழியின் தூரத்தை.

2020 டிசம்பரில் நிபுணர் குழுவொன்று இரண்டு முறைகளையும் அனுமதிக்கலாம் என்றது. 2021 பெப்ரவரியில் அடக்கத்தையும் அனுமதிக்கும்படி வர்த்தமானி மாறியது. மார்ச்சில் கிழக்கிலுள்ள ஓட்டமாவடியில் மட்டும் அடக்கம் தொடங்கியது. கட்டாயத் தகனத்துக்கு மன்னிப்புக் கோர 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தபோது எடுத்துக்காட்டிய ஆய்வு, மேற்பரப்பு நீரில் வைரசு சேர்வது பெரும்பாலும் மலத்தாலும் சிறுநீராலும் என்றது, பாதுகாப்பான அடக்கத்தால் அல்ல. மணலூடான நகர்வு அதில் அடங்காது. அதை அறிய, மணல் நிரப்பிய குழாயினூடே நீரைச் செலுத்திப் பார்க்கும் மணல் நிரல் பரிசோதனை வேண்டும். உறைகொண்ட வைரசுக்குப் பதிலியாக ஆய்வுகூடங்கள் வழக்கமாக எடுக்கும் ஃபை-6 என்னும் வைரசு பற்றீரியாவில் வளர்வது. மனிதக் கலம் பூட்டும் வெல்லம் அதில் இருக்க வழியில்லை. ஏற்றமும் ஒட்டுகையும் கேள்வியாக இருக்கும்போது அது பொருந்தாத பதிலி. மனிதக் கலத்தில் வளர்த்த ஓசி-43 போன்ற சளிக் கொரோனா வைரசை, மாரிநீரிலும் கோடைநீரிலும் தனித்தனியே இட்டு, ஆர்என்ஏயை மட்டுமன்றித் தொற்றுத்திறனையும் அளக்கவேண்டும்.