ஆர்எக்ஸ் 100 வாங்கப் போறீங்களா? எவ்வளவு செலவு வரும், எதை முதல்ல பார்க்கணும்? முழு விவரம்

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் வழியா குடவாசல் வரும் ரோட்டில், டீக்கடை பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் பின்னால் போற வண்டி எதுன்னு சொல்லிடலாம். சத்தம் கேட்டாலே போதும், அது யமஹா ஆர்எக்ஸ் 100. வாய்க்கால் கரையில் வளைஞ்சு வளைஞ்சு போற டெல்டா ரோட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒத்து வராது. இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார்னா அது இந்த வண்டிதான்.

அறுவடைப் பணம் கைக்கு வந்ததும், வெளிநாட்டிலிருந்து லீவில் ஊருக்கு வந்ததும் ‘ஒரு ஆர்எக்ஸ் பார்த்துச் சொல்லுண்ணே’ என்று மெக்கானிக்கிடம் கேட்பவர்கள் பலர். ஆனா வாங்கிய பிறகு வரும் செலவைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வண்டிக்கு வயசு என்ன?

1985 நவம்பரில் இந்தியாவில் அறிமுகமான ஆர்எக்ஸ் 100, 1996-ல் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. 98 சிசி, டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத் திறன், எடை சுமார் 100 கிலோ. எடை குறைவு, இழுவை அதிகம். அந்த வேகத்துக்குக் காரணம் இதுதான். புகை மாசு விதிகள் கடுமையானதும் அதன் காலம் முடிந்தது.

அதாவது, கடைசியாக வெளிவந்த ஆர்எக்ஸ் 100-க்கே இப்போ 30 வயசு. திருவாரூர் மாவட்டம் உருவானது 1997-ல். மாவட்டத்தை விட வண்டிக்கு வயசு அதிகம்! இதை மனசில் வச்சுக்கிட்டு மேலே படிங்க.

இன்ஜினில் வழக்கமா வரும் பிரச்சனைகள்

1. புகை: டூ-ஸ்ட்ரோக் வண்டியில் கொஞ்சம் புகை வருவது இயல்பு. சூடான பிறகும் வெள்ளையா, அடர்த்தியா வந்து, கியர் பாக்ஸில் ஆயிலும் குறைஞ்சுக்கிட்டே போனால், கிளட்ச் பக்கம் உள்ள கிராங்க் சீல் போயிருக்கு. கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிக்குது என்று அர்த்தம்.

2. ஆக்சிலரேட்டரை விட்டாலும் இன்ஜின் இறங்காமல் அலறுவது: மேக்னெட் பக்கம் உள்ள சீல் போனால் வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோலும் 2டி ஆயிலும் போதாமல் பிஸ்டன் சூடாகி ஜாம் ஆகும். சீல் விலை சில நூறு ரூபாய்தான். கவனிக்காமல் விட்டால் ஆயிரங்களில் முடியும்.

3. தட்டும் சத்தம்: ஓடும்போது ‘டக் டக்’ என்று கேட்டால் கனெக்டிங் ராட் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். கிராங்கைப் பிரித்து, புது ராட் போட்டு, லேத்தில் கோணல் இல்லாமல் நேர் பார்த்துப் பொருத்த வேண்டும். கைதேர்ந்த ஆள் செய்யாவிட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும்.

4. இழுவை இல்லை: போர் தேய்ந்திருக்கும். அசல் போர் அளவு 50 மி.மீ. ஒவ்வொரு முறை போர் போடும்போதும் 0.25 மி.மீ. கணக்கில் பெரிசாகும். ‘இதுவரை எத்தனை போர் போட்டிருக்கீங்க?’ என்பது விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. கடைசி அளவை எட்டிவிட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டியிருக்கும்.

5. ஆயில் பம்ப்: இந்த வண்டியில் 2டி ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். பலர் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறார்கள். அது தெரியாமல் வெறும் பெட்ரோல் அடித்து ஓட்டினால் பிஸ்டன் போயிடும். வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

6. டேங்க் துரு: மழைக்காலத்தில் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியா? மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. இப்போ வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். கார்புரேட்டர் அடிக்கடி அடைக்க இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு செலவாகும்?

சிறு ஊர் ஒர்க்‌ஷாப்பில், கம்பெனி சாராத உதிரி பாகம் போட்டால் ஆகும் தோராயக் கணக்கு இது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்.

• கார்புரேட்டர் சுத்தம், டியூனிங்: ரூ.200 - 500
• போர், பிஸ்டன் கிட்: ரூ.2,500 - 4,500
• கிராங்க் வேலை, சீல், பேரிங், லேத் கூலி: ரூ.4,000 - 7,000
• கிளட்ச் பிளேட்: ரூ.800 - 1,500
• மேக்னெட் காயில், சிடிஐ: ரூ.1,000 - 3,000
• செயின், ஸ்பிராக்கெட்: ரூ.1,000 - 1,800
• இரண்டு டயர், டியூப்: ரூ.3,000 - 4,000
• டேங்க் துரு நீக்கம்: ரூ.800 - 2,000
• பெயின்ட், குரோம்: ரூ.8,000 - 15,000

எல்லாமே செய்ய வேண்டி வந்தால் சுமார் 21,000 முதல் 39,000 ரூபாய் வரை. அசல் பாகம்தான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சா இந்தக் கணக்கு செல்லாது. பழைய ஸ்டாக் வச்சிருப்பவர் சொல்வதுதான் விலை.

இன்ஜினை விட பெரிய சிக்கல் ஆர்சி

பணம் செலவு பண்ணினா இன்ஜினைச் சரி பண்ணிடலாம். ஆர்சி சரியில்லாத வண்டியை என்ன செலவு பண்ணினாலும் ரோட்டில் நிம்மதியா ஓட்ட முடியாது. ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆர்சி செல்லுமா? முதல் பதிவு 15 வருஷம், அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 1995-ல் பதிவான வண்டி என்றால் 2010, 2015, 2020, 2025 என நான்கு முறை புதுப்பித்திருக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய டூ-வீலருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல் என்பது 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதி. இரண்டு வருஷம் தாமதம் என்றாலே 7,200 ரூபாய். தமிழக அரசின் பசுமை வரி தனி.

யார் பேரில் இருக்கு? ‘அப்பா வண்டி, அவர் இறந்துட்டார்’ என்று சொன்னால் வாரிசுச் சான்றிதழோடு முதலில் வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் உங்கள் பேருக்கு மாற்ற முடியும்.

பழைய கடன் இருக்கா? எப்போதோ அடைத்த கடனாக இருந்தாலும் ஆர்சியில் பைனான்ஸ் பெயர் நீங்காமல் இருக்கலாம். அந்த பைனான்ஸே இன்று இல்லை என்றால் தடையில்லாச் சான்று வாங்குவது பெரும்பாடு.

நம்பர் ஒத்துப்போகுதா? சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிடுங்க. தேய்த்த தடம் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டு வண்டியாக இருக்கலாம். ஆர்எக்ஸ் 135 இன்ஜினைப் பொருத்தி ‘100’ என்று விற்பதும் உண்டு. ஆர்சியில் இல்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் பல விவரங்கள் கிடைக்கும். எதுவும் வரவில்லை என்றால் பழைய ஆர்சி புத்தகம் கணினியில் ஏறாமல் இருக்கலாம். பதிவு செய்த ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் கேட்டு, அதை ஏற்றிய பிறகு காசு கொடுங்க. குடவாசல் பக்கத்து வண்டிகளுக்கு அது தஞ்சாவூர் அல்லது நாகப்பட்டினமாகவும் இருக்கலாம்.

விற்கிறவங்களும் கவனிங்க

வண்டியைக் கொடுத்துட்டு ‘பேர் மாத்திக்குவாங்க’ என்று விட்டுடாதீங்க. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லை என்றால் அந்தத் தொகை நிலத்தை விற்றுக் கட்டும் அளவுக்குப் போகலாம். இத்தனைக்கும் 98 சிசி வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் வருஷத்துக்கு வெறும் 714 ரூபாய், வரி தனி.

கடைசியா ஒரு கணக்கு

நல்ல ஆர்எக்ஸ் 100 இப்போ அறுபதாயிரத்தில் தொடங்கி ஒன்றரை லட்சம் வரைகூட பேசப்படுகிறது. உங்கள் கையில் 80,000 ரூபாய் இருந்தால், 80,000-க்கு வண்டி பார்க்காதீங்க. 50,000 - 55,000-க்குள் ஆர்சி சுத்தமான வண்டியைத் தேடுங்க, பெயின்ட் போயிருந்தாலும் பரவாயில்லை. மீதியை மெக்கானிக்குக்கும் ஆர்டிஓ கட்டணத்துக்கும் ஒதுக்குங்க. கிடைக்கவில்லையா? அடுத்த அறுவடை வரை காத்திருங்க. முப்பது வருஷம் ஓடிய வண்டி, இன்னும் ஆறு மாசத்தில் எங்கேயும் போயிடாது.