எறவானம்: ரெண்டடி நிழலின் கதை

"எறவானம்"ங்கிற வார்த்தையைக் கடைசியா எப்ப கேட்டீங்க மக்களே? எங்க வத்திராயிருப்பு பக்கம் வீட்டுல எது காணலைன்னாலும், "எறவானத்துல சொருகியிருக்கும், பாரு"ன்னுதான் பதில் வரும். அரிவாள், பஞ்சாங்கம், ரேஷன் கார்டு எல்லாத்துக்கும் அதுதான் பீரோ :-) எழுத்துத் தமிழில் இறவாணம். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கிட்டு நிக்கிற பகுதி.

கூரை நீளாத இடத்துல, அதாவது வாசல் நிலைக்கு மேலயோ ஜன்னலுக்கு மேலயோ, சுவர்லயே தனியா ஒரு குட்டிக் கூரை வைப்பாங்க. அதுக்குப் பேரு சார்ப்பு. பார்க்க லேசான வேலை. ஆனா அதுல ஒரு சிக்கல் உண்டு. ஒரு பக்கம் மட்டும் சுவரு, மறுபக்கம் அந்தரம். ஓட்டோட கனமும் ஆடி மாசம் மலையிலிருந்து இறங்குற காத்தும் அதைக் கவுக்கப் பார்க்கும். எது அதைப் பிடிச்சு நிறுத்துறது? இந்த ஒரு கேள்விக்கு நம்ம ஆட்கள் சொன்ன பதில்கள்தான் இந்தக் கதை.

ஆசாரியோட பதில் முக்கோணம். சுவர்ல ஒரு கட்டையைப் படுக்கையாப் பதிச்சு, அதுல கைமரங்களோட மேல்முனை உட்காரும். நம்ம பக்கம் பெரும்பாலும் வைரம் பாய்ஞ்ச பனங்கைதான். கீழ்முனைகளை ஒரு சட்டம் கோர்க்கும். அந்தச் சட்டத்தைச் சுவரோட அடியிலிருந்து சாய்வா வர்ற தாங்குகட்டை முட்டுக் கொடுக்கும். மேல ரீப்பர், அதுக்கு மேல ஓடு. இதெல்லாம் பாதி வேலை. ஓடு சுவரைத் தொடுற இடத்துலதான் சூட்சுமம் இருக்கு. அங்க ஒரு வரிசை செங்கலை ரெண்டு விரற்கடை வெளியே தள்ளி வச்சு, அடியில சுண்ணாம்பு பூசணும். இல்லன்னா சுவர்ல வழியிற தண்ணி நேரா படுக்கைக் கட்டைக்குப் போயிரும். கட்டை உளுத்தா சார்ப்பு மொத்தமும் தெருவுல.

இந்த மரவேலை எவ்வளவு பழசு? மரம் நம்ம மழையில, கரையான்ல தங்காது. அதனால சாட்சி கல்லுலதான் இருக்கு. மாமல்லபுரத்துல 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலையான திரௌபதி ரதம், ஒரு கூரைக் குடிசையை அப்படியே பாறையில வெட்டினது. அங்கிருந்து கோயில்களுக்கு வந்தா, மேல் விளிம்புல வளைஞ்சு இறங்குற பகுதிக்குக் கொடுங்கைன்னு பேரு. வடமொழியில கபோதம், அதாவது புறா. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தோட 11 நிலையிலயும் அது இருக்கு. அடுத்த தடவை போனா பார்த்துட்டு வாங்க, பால்கோவா எங்கயும் ஓடிறாது.

கொடுங்கைன்னா உச்சம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரோட திருப்பெருந்துறை. அங்க மண்டபத்து ஓரத்துல நின்னு அண்ணாந்து பாருங்க. கல்லுக்கு அடியில வளைஞ்ச கைமரம், குறுக்கே சட்டம், அதை முடுக்கின ஆணியோட குமிழ்த் தலை எல்லாமே கல்லுல! அந்தக் காலச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை மாதிரி மட்டும் கேட்கக்கூடாதுன்னு நிபந்தனை போடுவாங்களாம். செவிவழிக் கதைதான், ஆனா நேர்ல பார்த்தா நம்பத் தோணும்.

எனக்கு வியப்பு அந்த ஆணிதான். கல் கொடுங்கைக்கு ஆணி எதுக்கு? உள்பக்க முனை மேல கனமான கல்லை ஏத்திட்டா வெளிப்பக்கம் கவுறாது. இது ரெண்டாவது பதில், எதிர்க்கனம். அந்த ஆணி எதையும் தாங்கலை. ஆனா ஆசாரி எங்க அடிச்சானோ அந்த இடத்துல சிற்பி அதைச் செதுக்கி வச்சிருக்கான். மூலம் மக்கிப் போச்சு, நகல் நிக்குது.

அப்புறம் சீமை ஓடு. பாசல் மிஷன்காரங்க 1865-ல மங்களூர்ல தொழிற்சாலை போட்டாங்க. நாட்டு ஓடு ஒண்ணு மேல ஒண்ணு சும்மா கவுந்து கிடக்கும், குரங்கு ஓடினாலே கலைஞ்சுரும். வருஷா வருஷம் பிரிச்சு மேயணும். மங்களூர் ஓடு ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும், ரீப்பர்ல கொக்கி மாதிரி மாட்டிக்கும். ஓட்டோட எண்ணிக்கையும் குறைவு, கனமும் குறைவு. ஆக, கைமரத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைக்கலாம்.

மூணாவது பதில் நம்ம சன்ஷேடு. லிண்டலோட சேர்த்து வார்த்து, கம்பியை மேல்பக்கமா ஓட விடணும். பலகை வளையும்போது இழுபடுறது மேல்பக்கம் இல்லையா? கம்பி அடியில போயிட்டா பிரயோஜனமில்லை. வார்க்கும்போது யாராவது மிதிச்சா கம்பி இறங்கிரும், பூசினப்புறம் யாருக்கும் தெரியாது.

போன வருஷம் எங்க சித்தி வீட்டுலயும் இந்தப் பேச்சு வந்துச்சு. சார்ப்பை எடுத்துட்டு சன்ஷேடு ஒட்டணும்னாங்க. நான் வேண்டாம்னேன். மண்சாந்துல கட்டின சுவரு, பிற்பாடு துளை போட்டுக் கம்பி சொருகினா எதைப் பிடிச்சு நிக்கும்? எதிர்க்கனத்துக்கும் மேல ஒண்ணுமில்லை. மரவேலை பார்க்க வந்த ஆசாரித் தாத்தா சுவரைத் தட்டிப் பார்த்துட்டு, "கட்டை மட்டும்தான் போயிருக்கு தாயீ. பனங்கை அப்படியே இரும்பா இருக்கு. நானூறு ரூவா கட்டைக்குச் சுவரை ஏன் இடிக்கிறீக?"ன்னார்.

சித்தி ரெண்டு நாள் யோசிச்சு சரின்னுட்டாங்க. படுக்கைக் கட்டையை மாத்தி, அதே பனங்கையைத் திருப்பிக் கோர்த்தாச்சு. உடைஞ்ச ஏழு ஓட்டுக்குத்தான் அலைச்சல். கடைசியில பக்கத்துத் தெருவுல இடிச்ச ஒரு வீட்டுக் குப்பையிலிருந்து பொறுக்கிட்டு வந்தோம்.