பசுமைக்குடில் தானியங்கிக் கட்டுப்பாடு, வீட்டளவில்

வீட்டுப் பசுமைக்குடிலின் தானியங்கிக் கட்டுப்பாடு என்பது, உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்குவதைச் சென்சார்கள் மூலம் அறிந்து, விசிறி, திறப்பு, நீரை நுண்துளியாகத் தெளிக்கும் ஃபாகர் ஆகியவற்றை ஆள் இல்லாமலே இயக்கும் ஏற்பாடு. குளிர்நாடுகளில் வெப்பத்தைக் காப்பதற்காக வளர்ந்த நுட்பம் இது. திருவண்ணாமலையில் வெப்பத்தை வெளியேற்றுவதே அதன் வேலை. கத்திரி வெயிலில் ஊரின் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தொடும். காற்றுப் புகாத பாலித்தீன் குடிலுக்குள் அதைவிடவும் கூடும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் தொடர்ந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும்.

கருவிக்கு முன்னால் கவனிக்க வேண்டியது கூரை. மலையடிவாரத்து மாடிகளுக்குப் பாலித்தீனைவிட 50 விழுக்காடு நிழல்வலையே பொருத்தம். வெயிலை உள்ளே விட்டுவிட்டு மின்சாரம் செலவழித்து வெளியேற்றுவது வீண். வெள்ளை ஈயைத் தடுக்கக் கட்டும் 40 மெஷ் பூச்சிவலை காற்றையும் மறிக்கும். தூசி படிந்தால் அடைத்தே விடும். அவ்வப்போது தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

விசிறியைக் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும். வெயில் நேரத்தில் குடிலின் காற்று நிமிடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற வேண்டும் என்பது பொது விதி. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள குடிலின் கொள்ளளவு 30 கன மீட்டர். அதற்கு மணிக்கு 1800 கன மீட்டர் தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் தேவை. எதிர்ச்சுவரில் காற்று நுழைய அகலமான வழி இல்லாவிட்டால் எந்த விசிறியும் பயன்படாது.

விசிறியை இயக்க டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டும் ரிலேயும் போதும். கோழிமுட்டை இன்குபேட்டரில் பொருத்தும் அதே வகைதான். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கார்னெலிஸ் ட்ரெபெல் செய்த முதல் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒன்றும் முட்டை பொரிக்கவே பயன்பட்டது. விசிறி 34 டிகிரியில் ஓடத் தொடங்கி 31-ல் நிற்கும்படி இடைவெளி விட்டு அமைப்பது முக்கியம். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் விசிறி நொடிக்கொரு தரம் நின்று நின்று ஓடி, ரிலே தேய்ந்துபோகும். சென்சார் செடியின் உச்சி மட்டத்தில், நிழலில், காற்றுப்படத் தொங்க வேண்டும். நேர்வெயில் பட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன் உடல் சூட்டையே காட்டும். மழையும் ஃபாகரும் உள்ள இடம் என்பதால் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம்.

பலரும் தவறுவது ஃபாகரில். நீர் ஆவியாகும்போதுதான் காற்று குளிரும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாக இடமில்லை. மே மாத நண்பகலில் 40 டிகிரி வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், கொள்கையளவில் ஏறக்குறைய 26 டிகிரி வரை குளிர்விக்க முடியும். கார்த்திகை தீபம் நெருங்கும் மழைநாட்களில் 30 டிகிரியும் 85 விழுக்காடும் இருந்தால் குறைவது ஏறக்குறைய 2 டிகிரி மட்டுமே. இலை நனைந்து பூஞ்சணம் பிடிப்பதே மிச்சம். வெப்பத்தை மட்டும் பார்த்து ஃபாகரைத் திறக்கும் கருவி இந்த ஊருக்குப் போதாது. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஃபாகர் ஓடக் கூடாது என்ற நிபந்தனை வேண்டும். ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைகளும், வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் அளக்கும் டிஎச்டி22 சென்சாரும் இங்கேதான் பயன்படுகின்றன.

மின்தடையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பக்கத்திரையை மூட மோட்டாரும், திறக்க எடையோ ஸ்பிரிங்கோ அமைத்தால், மின்சாரம் போனதும் குடில் தானாகத் திறந்துகொள்ளும்.

மின்சாரமே தேவைப்படாத மெழுகு உருளைத் திறப்பானும் உண்டு. உருளைக்குள் மெழுகு சூட்டில் விரிந்து தண்டைத் தள்ளிச் சாளரத்தை உயர்த்தும்; குளிர்ந்தால் சாளரம் தாழும். பெரும்பாலானவை 15 முதல் 25 டிகிரிக்குள் திறக்கத் தொடங்குபவை. கோடை இரவிலும் வெப்பம் 25-க்கு மேல் நிற்கும் திருவண்ணாமலையில் அது மூடவே மூடாது. அதே மாவட்டத்தின் ஜவ்வாது மலையில், மார்கழிக் குளிரில் நாற்று வளர்ப்பவருக்கு அது உதவும்.