சர்ப்பகந்தி முதல் ஏற்பிப் படமாக்கம் வரை: மனச்சோர்வின் செரோட்டோனின் கருதுகோள் – ஒரு வரலாற்று மீள்பார்வை

ஆய்வுச் சுருக்கம்

மூளையில் செரோட்டோனின் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்னும் விளக்கம் தமிழில் எழுதப்படும் மருத்துவக் கட்டுரைகளில் நிறுவப்பட்ட உண்மைபோலப் பரவலாக இடம்பெறுகிறது. இக்கருதுகோளின் தோற்றத்தில் சர்ப்பகந்தி என்னும் இந்திய மூலிகை பெற்ற இடத்தையும், செரோட்டோனின் ஏற்பிகளைப் படமாக்கிய ஆய்வுகள் அதனை எந்த அளவுக்கு உறுதிசெய்தன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, செரோட்டோனின் ஏற்பிகள், சர்ப்பகந்தி, ரிசர்பின், மூளைப் படமாக்கம்.

முன்னுரை

புதுச்சேரி கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் அதற்கு அண்மையில் கோரிமேட்டில் உள்ளது. இத்தகைய மருத்துவமனைகளை நாடுவோருள் மனச்சோர்வுற்றோர் சிலர் அல்லர். 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் 18 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். இந்நோய்க்கு இன்று பெரிதும் பயன்படும் மருந்துகள் செரோட்டோனின் மீளுறிஞ்சலைத் தடுப்பவை. ஆகவே, 'உங்கள் மூளையில் ஒரு வேதிப்பொருள் குறைந்துள்ளது' என்னும் விளக்கம் எங்கிருந்து வந்தது என்பது வரலாற்று வினாவாக மட்டும் நில்லாது, நோயாளரின் நம்பிக்கையையும் தொடும் வினாவாகிறது.

சர்ப்பகந்தியும் ரிசர்பினும்

சர்ப்பகந்தியின் வேர் நம் நாட்டு மருத்துவ மரபில் நெடுங்காலமாக வழங்கிவருவது. 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதை மருத்துவ இதழில் பதிவுசெய்தனர். 1949இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், இரத்த அழுத்த நோயாளர் 50 பேரிடம் கண்ட பயனைப் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1952இல் வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. 1954இல் நியூயார்க்கின் நேதன் கிளைன் அதனை மனநோயாளரிடம் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். 1957ஆம் ஆண்டின் லாஸ்கர் விருதைப் பெற்றோர் வரிசையில் வக்கீலும் கிளைனும், குளோர்புரோமசைனின் பயனைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர்களான லபோரி, தெனிக்கேர் ஆகியோரும் ஒருங்கே இடம்பெற்றமை நோக்கத்தக்கது.

கருதுகோளின் தோற்றம்

செரோட்டோனின் 1948இல் குருதியிலிருந்து பிரிக்கப்பட்டது. மூளையிலும் அது இருப்பதை 1953இல் பெட்டி துவாரோக் காட்டினார். 1955இல் புரோடியின் குழுவினர், ரிசர்பின் செலுத்திய முயல்களின் மூளையில் செரோட்டோனின் வெகுவாகக் குறைவதைக் கண்டனர். ரிசர்பினைப் பேரளவில் நீண்டகாலம் உட்கொண்ட இரத்த அழுத்த நோயாளர் சிலர் மனச்சோர்வுற்றதாக 1954இலேயே செய்தி வெளிவந்திருந்தது. இவ்விரண்டும் இணைக்கப்பட்டபோது, செரோட்டோனின் குறைந்தால் மனம் சோரும் என்னும் கருத்து உருவாயிற்று. 1967இல் அலெக் காப்பன் அதற்கு விரிவான வடிவம் தந்தார்.

ஆனால் இவ்விணைப்பு தொடக்கத்திலேயே வலுவற்றது. 1955இல் டேவிசும் ஷெப்பர்டும் கட்டுப்பாட்டுக் குழுவுடன் நடத்திய ஆய்வில், பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளருக்கு ரிசர்பின் நன்மையே செய்தது. 1957இல் ஆர்விட் கார்ல்சன், ரிசர்பினால் அசைவற்றுக் கிடந்த விலங்குகளை எழச்செய்தது செரோட்டோனினின் முன்பொருள் அன்று, டோப்பமினின் முன்பொருளே எனக் காட்டினார். மேலும், ரிசர்பின் நார்அட்ரீனலினையும் டோப்பமினையும் சேர்த்தே குறைக்கிறது. எனவே விளைவைச் செரோட்டோனினுக்கு மட்டும் உரித்தாக்க இடமில்லை.

ஏற்பிகளும் படமாக்கமும்

1979இல் பெரூட்காவும் ஸ்னைடரும் செரோட்டோனின் ஏற்பிகளை இரு வகையாகப் பிரித்தனர். இன்று அவை 7 குடும்பங்களாக வகுக்கப்பட்டுள்ளன. 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுளுவாக்செட்டின் செரோட்டோனினை விரைவிலேயே மிகுவிக்கிறது. சோர்வு நீங்கவோ வாரங்கள் பிடிக்கின்றன. குறைபாடே காரணமெனின் இக்காலத் தாழ்வு ஏன்? மூளைத்தண்டிலுள்ள 5-எச்டி1ஏ தன்னேற்பிகள் முதலில் செரோட்டோனின் சுரப்பைத் தடுத்துப் பின்னர் மெல்ல உணர்விழக்கின்றன என்பது ஒரு விளக்கம். இவ்வாறு ஆய்வின் கவனம் வேதிப்பொருளின் அளவிலிருந்து ஏற்பிக்கு நகர்ந்தது.

ஏற்பியோடு பிணையும் கதிரியக்கப் பொருளை மிகச் சிற்றளவில் செலுத்தி, உயிருள்ள மனித மூளையில் அதன் பரவலை அளக்கும் பெட் படமாக்கம் இவ்வினாவைத் தீர்க்கும் என எதிர்பார்க்கப்பட்டது. 1999இல் டிரெவெட்சின் குழுவினர் மனச்சோர்வுற்றோரிடம் 5-எச்டி1ஏ பிணைப்புக் குறைந்திருப்பதாகக் கண்டனர். 2006இல் பார்சியின் குழுவினர் அதே ஏற்பியில் பிணைப்பு மிகுந்திருப்பதாகக் கண்டனர். இம்முரணுக்குக் கணக்கிடும் முறையும் ஒரு காரணம்: ஒப்பீட்டுக்குச் சிறுமூளையின் எப்பகுதியைக் கொள்வது என்பதைப் பொறுத்து முடிவு மாறக்கூடும். அன்றியும், பிணைப்புக் குறைவது ஏற்பிகளின் எண்ணிக்கை குறைந்ததாலோ, அவற்றின் ஈர்ப்பு மாறியதாலோ, செரோட்டோனினே அவற்றை நிறைத்திருப்பதாலோ நேரலாம். படம் தானே பொருள் உரைப்பதில்லை.

2022இல் மான்கிரீஃப் குழுவினரின் தொகுப்பாய்வு, செரோட்டோனின் குறைவுக்கும் மனச்சோர்வுக்கும் முரணற்ற சான்று இல்லை என முடித்தது. அதே ஆண்டில் எரிட்சோவின் குழுவினர் பெட் வழியே, மனச்சோர்வுடைய 17 பேரிடம் செரோட்டோனின் வெளியீட்டுத் திறன் நலமுடைய 20 பேரினும் குறைந்திருப்பதாகக் காட்டினர். சிறிய குழுவின் முடிவாயினும், வினா முடிந்துவிடவில்லை என்பதை அது உணர்த்துகிறது.

முடிவுரை

ரிசர்பின் காலத்தில் மருந்தின் விளைவிலிருந்து நோயின் காரணம் உய்த்துணரப்பட்டது. படமாக்கக் காலத்தில் பிணைப்பின் அளவிலிருந்து அதே காரணம் உய்த்துணரப்பட்டது. இரண்டிலும் இடைநிற்கும் படி ஒன்று மெய்ப்பிக்கப்படாமலே கடக்கப்பட்டது. மாத்திரையால் காய்ச்சல் தணிவதுகொண்டு, அம்மாத்திரையின் குறைவே காய்ச்சலுக்குக் காரணம் என நாம் கொள்வதில்லை. அதுபோலவே, காரண விளக்கம் தளர்வதுகொண்டு மருந்து பயனற்றது எனக் கொள்வதும் பிழை. மருந்தின் பயன் தனியே சோதித்து அறியப்படுவது. இவ்விரண்டையும் கலந்து எழுதும்போது, கருதுகோள் தளர்ந்ததைக் கேள்வியுறும் நோயாளர் மருத்துவரைக் கலவாது மருந்தை நிறுத்தும் இடர் நேர்கிறது. ஆகவே தமிழில் மனநலம் பற்றி எழுதுவோர் 'செரோட்டோனின் குறைவு' என்பதைக் கருதுகோள் என்றே குறித்து, மருந்தின் பயனை அதனின்று பிரித்து உரைத்தல் வேண்டும்.