ஆர்லாவ் வைரமும் அரங்கத்துக் கதையும்

ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் திருக்கண்ணிலிருந்து பெயர்த்தெடுத்த வைரமே ருஷ்யச் சக்கரவர்த்தினி காதரீனின் செங்கோலில் ஏறிற்று என்னும் கதை, மேனாட்டு இரத்தின நூல்களிலும், அவற்றைப் படித்த நம்மவர் வாயிலும் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பிரெஞ்சுப் படையை விட்டோடிய சிப்பாய் ஒருவன் பக்தன் வேடம் பூண்டு, கோயிலாரின் நம்பிக்கையைப் பெற்று, கண்ணைக் கவர்ந்து சென்னைக்கு ஓடி, ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவனுக்கு 2,000 பவுனுக்கு விற்றானாம். 1752-இல் லா என்னும் பிரெஞ்சுத் தளபதி தன் சேனையோடு ஸ்ரீரங்கத் தீவிலேயே சரணடைந்தான் என்பது சரித்திரம்; ஆதலால் பிரெஞ்சுச் சிப்பாய்கள் இங்கே திரிந்தது மெய். எனினும், களவு போனது பிரம்மாவின் விக்கிரகத்துக் கண் என்று அந்நூல்களிற் சில கூறுவதைக் காணும்போது, அரவணையில் பள்ளிகொண்ட பெரிய பெருமாளையும், சுதையாலான அத்திருமேனி திருமஞ்சனமின்றித் தைலக்காப்பு மட்டுமே கொள்வதையும் அறிந்த நமக்கு, எழுதியவர் இந்தச் சந்நிதியைக் கண்டதேயில்லை என்பது விளங்கிவிடுகிறது.

கல்லின் பட்டைகளோ வேறு சாட்சி சொல்கின்றன. 189.62 காரட், அதாவது ஏறத்தாழ 38 கிராம் எடையுள்ள இவ்வைரம், கோழிமுட்டையைக் குறுக்கே அறுத்து ஒரு பாதியைக் கவிழ்த்து வைத்தாற்போன்றது. அடி தட்டை, மேலே குவிந்த முகடு, அம்முகட்டைச் சுற்றி அடுக்கடுக்காய் இறங்கும் சிறு பட்டைகள், உள்ளே நீலமும் பசுமையும் கலந்த மெல்லிய சாயல். மொத்தம் சுமார் 180 பட்டைகள். இக்காலத்து வைரத்திற்கு 57 அல்லது 58 பட்டைகளே போதும். உட்புகுந்த ஒளி திரும்பி மேலே வரவேண்டுமென்பதற்காக, மூலக்கல்லில் பாதி தேய்ந்து தூளானாலும் கவலைப்படுவதில்லை. நம் முன்னோராகிய பட்டை தீட்டுவோர்க்கு எடையே பிரதானம். ஆகவே கல் மண்ணில் பிறந்த வடிவத்தைக் கெடுக்காமல், குற்றமுள்ள இடங்களைச் சிறு பட்டைகளால் மறைத்து, தேய்மானத்தை இயன்றவரை குறைத்தார்கள். இதனைச் சாமர்த்தியக் குறைவென்று எண்ணுவது பெரும் பிழை. கல்லுக்குக் காட்டிய மரியாதை அது.

1665-இல் ஔரங்கசீப்பின் சபையில் தவெர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் கையிலேந்திப் பார்த்த ‘பெரிய மொகலாய’ வைரமும் பாதி முட்டை வடிவமே. எடை ஒத்துவராவிடினும் இரண்டும் ஒன்றே என்பது இரத்தின அறிஞர் பலரின் கொள்கை. எனக்கும் அரங்கத்துக் கதையைக் காட்டிலும் அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பின்னர் ஆர்லாவ் பிரபு இக்கல்லை வாங்கித் தம் அரசிக்குக் காணிக்கையாக்க, 1774-இல் அது செங்கோலின் தலையில் பதிக்கப்பெற்றது.

திருச்சிராப்பள்ளியிலும் சுற்றுக் கிராமங்களிலும் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் குடிசைத்தொழில் பல தலைமுறையாக நடந்துவருகிறது. குச்சி நுனியில் ஒட்டிய சிறு கல்லைச் சுழலும் தட்டில் வைத்து, எடுத்து, கண்ணருகே பிடித்துப் பார்த்து, மீண்டும் வைக்கும் அக்கைகளுக்கே, அந்த 180 பட்டைகளின் அருமை நம்மெல்லோரினும் நன்கு தெரியும்.

ஆர்லாவ் இன்றும் மாஸ்கோவில் கிரெம்லின் கோட்டையின் வைரக் கருவூலத்தில் இருக்கிறது. அரங்கத்து உற்சவரான நம்பெருமாள் வைகுண்ட ஏகாதசிதோறும் இரத்தினாங்கி அணிந்து பரமபத வாசல் கடந்து எழுந்தருளுகிறார்.