கொச்சியிலிருந்து நெகேவ் வரை: ஊர் திரும்பிய ஒரு சமூகத்தின் கதை



கொச்சிக்குச் சுற்றுலா போகும் என் பழைய மாணவர்கள் பலர், மட்டாஞ்சேரி யூதர் தெருவில் நின்று எடுத்த படங்களை எனக்கு அனுப்புகிறீர்கள். 1568ல் கட்டிய ஜெபாலயம், தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகள், மணிக்கூண்டு என்று எல்லாமே அழகு. போன மாதம் படம் அனுப்பிய ஒருவர் கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: "டீச்சர், கட்டடம் இருக்கு, கடை இருக்கு, அந்த ஜனங்க எங்கே?" அதற்கான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் அவர்கள் இங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்ப்போம். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ஒரு செப்பேடு கொடுத்தான். இன்றைய கொடுங்கல்லூரான முயிரிக்கோட்டில் இருந்து கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி. 72 உரிமைகளை அது தருகிறது. அதில் பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று வரும் சொற்கள் நமக்கு அகராதி இல்லாமலே புரியும். பாவாடை என்றால் இங்கே உடுத்துகிற பாவாடை இல்லை, பெரியவர்கள் நடந்து வர நிலத்தில் விரிக்கும் துணி. ஒரு மன்னன் வெளியிலிருந்து வந்த சமூகத்துக்கு, "நீங்களும் குடை பிடித்து, தோரணம் கட்டி, மரியாதையோடு வாழலாம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். பிற்காலத்தில் போர்த்துகீசியர்கள் அவர்களைத் துன்புறுத்தியது உண்டு. உள்ளூர் மன்னர்கள் அப்படிச் செய்யவில்லை. மட்டாஞ்சேரி ஜெபாலயம் கொச்சி ராஜாவின் அரண்மனைக் கோயிலை ஒட்டியே நிற்கிறது.

அப்படியானால் ஏன் போனார்கள்? ஐரோப்பாவில் யூதர்களுக்கு நடந்த கொடுமையைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். அவர்கள் உயிர் தப்ப ஓடினார்கள். கொச்சி யூதர்களை யாரும் விரட்டவில்லை. அவர்கள் போனதற்கு முக்கியமான காரணம் பிரார்த்தனை.

பக்தியுள்ள யூதர் நாளைக்கு மூன்று வேளை ஜெருசலேம் இருக்கும் திசையைப் பார்த்து வேண்டுவார். அந்த வேண்டுதலில், சிதறிப் போன மக்களை முன்னோர் மண்ணில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்பதும் உண்டு. பேரன் சொன்னதையே தாத்தாவும் சொன்னார், அவருடைய தாத்தாவும் சொன்னார். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, 1948 மே 14 அன்று இஸ்ரேல் என்றொரு நாடு பிறந்த செய்தி வருகிறது. 1950ல், எந்த நாட்டு யூதரும் அங்கே வந்து குடியேறலாம் என்று சட்டமும் வந்துவிட்டது. "இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது, இன்னும் ஏன் இங்கே இருக்கிறோம்?" என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்திருக்கும். ஏழைக் குடும்பங்கள் பல இருந்தன, பிழைப்பு பற்றிய கணக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு மட்டுமே ஒரு முழு சமூகத்தைக் கிளப்பிவிடாது.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. யூதர்கள் கூட்டாக வழிபட வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பத்தில் ஒருவர் குறைந்தாலும் தோரா சுருளை வெளியே எடுத்துச் சபையில் வாசிக்க முடியாது. அப்போது கேரளத்தில் மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் எட்டுச் சபைகள் இருந்தன. எல்லாம் சேர்த்தே சுமார் 2,500 பேர்தான். சின்ன ஊரில் நாலு குடும்பம் கிளம்பினால், இருப்பவர்களுக்கு வழிபாடே நின்றுவிடும். அதனால் போவதென்றால் சபையோடு போக வேண்டும். மாளா ஊர்க்காரர்கள் 1955ல் கிளம்பும்போது, தங்கள் ஜெபாலயத்தைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இறந்தவர்களைப் புதைத்த இடத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது அல்லவா? அதையும் ஊராரை நம்பி விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கிளம்புவதும் சுலபமாக இல்லை. கேரளத்தில் அப்போது யானைக்கால் நோய் அதிகம். இவர்கள் வந்தால் அந்த நோயும் வந்துவிடுமோ என்று இஸ்ரேல் அதிகாரிகள் பயந்து அனுமதியை இழுத்தடித்தார்கள். கடையை மூடிவிட்டு, பொருட்களை விற்றுவிட்டு, "இன்று வரும், நாளை வரும்" என்று மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. கையில் இருந்த காசும் கரைந்தது. இவர்களுக்காகப் பேச 1953ல் இஸ்ரேலுக்குப் போனவர் ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர். சென்னையில் சட்டம் படித்தவர். 'யூத காந்தி' என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தில், அடிமை வழி வந்தவர்கள் என்று சொல்லிச் சில குடும்பங்களை உள்ளே சமமாக உட்கார விடாமல் ஒதுக்கினார்கள். சேலம் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அந்த ஒதுக்கலை எதிர்த்து ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தவர். மற்றவர்கள் போக வழி செய்த அவர், தான் மட்டும் போகவில்லை. 1967ல் கொச்சியிலேயே இறந்தார்.

சரி, போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? நெவாடிம் என்ற பெயரைச் செய்திகளில் விமானப்படைத் தளம் என்று கேட்டிருப்பீர்கள். அந்தத் தளத்துக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு கிராமம் இருக்கிறது. 1946ல் உருவானது. முதலில் வந்தவர்கள் நிலைக்காமல் போன இடம். 1954ல் கொச்சி யூதர்கள் அங்கே குடியேறினார்கள். நெகேவ் பாலைவனம். பக்கத்து நகரம், ஆபிரகாம் கிணறு தோண்டியதாகப் பைபிள் சொல்லும் பெயெர்செபா. இன்னும் சில குடும்பங்கள் ஜெருசலேமுக்கு மேற்கே உள்ள குன்றுப் பகுதிக்கும், வடக்கே லெபனான் எல்லைக்கும் போயின. இந்தக் கிராமங்களுக்கு மோஷாவ் என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி நிலம், கொள்முதலும் விற்பனையும் கூட்டுறவில்.

இங்கேதான் சிக்கல். இவர்களில் பெரும்பாலோர் உழவர்கள் இல்லை. எர்ணாகுளம் சந்தையில் முட்டை, மீன், கோழி விற்றவர்கள், சில்லறைக் கடை வைத்திருந்தவர்கள். அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, வறண்ட மண்ணைக் காட்டினார்கள். நாடு முழுக்க ரேஷன் இருந்த காலம். மொழி வேறு, சாப்பாடு வேறு, பகல் வெயிலும் இராத்திரிக் குளிரும் வேறு.

இந்த வரலாற்றில் என் மனதில் ஒட்டிக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். யூதர்களின் தினசரிப் பிரார்த்தனையில் மழையைத் தரும் இறைவனைப் புகழும் பகுதி வருடம் முழுக்க வராது. அக்டோபர் வாக்கில், கூடாரப் பண்டிகை முடிவில் தொடங்கி, மார்ச் ஏப்ரலில் பஸ்கா பண்டிகை வரும்போது நிற்கும். காரணம், இஸ்ரேல் நாட்டின் மழைக்காலம் அதுதான். உலகத்தில் எங்கே இருந்தாலும் இதே கணக்கு.

இப்போது கேரளத்தை நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதம் இடவப்பாதி மழை ஓட்டுக்கூரையைப் பிளப்பதுபோல் கொட்டும். ஜெபாலயத்துக்குள் சொல்லும் பிரார்த்தனையில் மழை என்ற பேச்சே இருக்காது. ஜனவரியில் வெளியே வெயில் காயும், உள்ளே மழை தருபவரைப் புகழ்வார்கள். பல நூறு வருடம் ஒரு வானத்தின் கீழ் நின்றுகொண்டு இன்னொரு வானத்துக்காகப் பேசியிருக்கிறார்கள்!

நெகேவுக்கு வந்த பிறகு முதல்முறையாகப் புத்தகமும் வானமும் ஒத்துப்போயின. பிரார்த்தனையில் மழை வரும் மாதத்தில்தான் வெளியிலும் மழை. ஆனால் எவ்வளவு மழை? கொச்சியில் வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். பெயெர்செபாவில் சுமார் 200. கேரளத்தில் மழைப் பிரார்த்தனை வழிவழியாக வந்த வாசகம். நெகேவில் அதுவே வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

இன்னொன்றும் இப்படித்தான் மாறியது. தோராவில் விவசாயச் சட்டங்கள் நிறைய. மரம் நட்டால் முதல் மூன்று வருடப் பழத்தைத் தின்னக்கூடாது. விளைச்சலில் பங்கு எடுத்து வைக்க வேண்டும். ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு விட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை இஸ்ரேல் மண்ணுக்கு மட்டும் உரியவை. கேரளத்தில் அவற்றைப் படித்தால் போதும். இங்கே வந்தபின் அனுசரிக்க வேண்டும். அவர்கள் வந்த நாலைந்து வருடத்திலேயே, 1958-59ல், ஏழாம் வருடம் வந்துவிட்டது. இப்போதுதான் பயிர் செய்யக் கற்ற குடும்பம் ஒரு வருடம் நிலத்தைச் சும்மா போட்டால் என்ன சாப்பிடும்? இதற்காகவே அந்த வருடத்துக்கு மட்டும் நிலத்தை யூதர் அல்லாதவருக்குப் பெயரளவில் விற்று, சாகுபடியைத் தொடரும் ஏற்பாட்டை மதகுருமார் பலர் அனுமதித்தார்கள். சில குருமார் அதை ஏற்கவில்லை. இன்று வரை அந்த விவாதம் ஓயவில்லை. புண்ணிய பூமியில் வாழ்வது என்றால் பக்திப் பாட்டு பாடிக்கொண்டு இருப்பது மட்டும் அல்ல பாருங்கள். அங்கே வேதத்துக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு.

ஆனாலும் அவர்கள் விடவில்லை. 1964ல் வடக்கே உள்ள கலிலேயா ஏரித் தண்ணீரைத் தெற்கே கொண்டுவரும் பெரும் குழாய்த் திட்டம் முடிந்தது. சொட்டுநீர்ப் பாசனமும் வந்தது. முட்டை விற்ற கைகள் பசுமைக்குடிலில் பூ வளர்க்கக் கற்றன. அந்தப் பூ ஐரோப்பாவுக்கு விமானம் ஏறியது. சேந்தமங்கலத்தில் பிறந்து 1955ல் போன எலியாஹு பெசலேல், பாலைவன மண்ணில் பூச்சாகுபடியில் பெயர் எடுத்தார். இந்திய அரசே அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது கொடுத்தது.

ஒரு ஆசிரியை என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். 1948 போரில் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீன அரபு மக்கள் வீடு வாசலை இழந்தார்கள். லெபனான் எல்லையில் கொச்சி யூதர்கள் குடியேறிய யுவால் கிராமம், அபில் அல்-கம்ஹ் என்ற அரபுக் கிராமத்தின் நிலத்தில் அமைந்தது. ஒரு குடும்பம் ஊர் திரும்பிய அதே மண்ணுக்கு இன்னொரு குடும்பம் இன்றும் ஊர் திரும்ப ஏங்குகிறது. இதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொன்னால் அது பாதி வரலாறு.

பெண்களின் கதையும் முக்கியம். ரூபி டேனியல் என்ற பெண்மணி 1912ல் கொச்சியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். 1951ல் இஸ்ரேல் போய், வடக்கே நெயோட் மோர்தெகாய் என்ற கிப்புட்ஸில் சேர்ந்தார். எல்லாம் பொதுச்சொத்தாக இருக்கும் கூட்டுப் பண்ணை அது. மத ஆசாரங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இடம். பக்தியான வீட்டில் வளர்ந்தவருக்கு, வேதபூமியில் கிடைத்ததோ வேதத்தைக் கண்டுகொள்ளாத ஊர்! அவர் அங்கேயே வாழ்ந்தார். கொச்சிப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடும் மலையாளப் பாட்டுகளைச் சேர்த்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தன் வாழ்க்கை வரலாற்றையும் சொல்லி, அது 1995ல் புத்தகமாக வந்தது.

அந்தப் பாட்டுகள் பெண்களின் நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தவை. இஸ்ரேலில் பிறந்த பிள்ளைகளுக்கு ஹீப்ரு மட்டும்தான் தெரியும். பாட்டி நோட்டைப் பேத்தியால் படிக்க முடியவில்லை. ஒரு தலைமுறையில் எல்லாம் போய்விட்டிருக்கும். நல்லவேளை, ஆராய்ச்சியாளர்கள் அந்த முதிய பெண்களைப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். 2005ல் ஜெருசலேமில் மலையாளமும் ஹீப்ருவுமாக ஒரு தொகுப்பு வந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'கார்குழலி'. நம் காதுக்கு எவ்வளவு பக்கத்துச் சொல்!

மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபாலயத்தின் உள்வேலைப்பாடுகள் இன்று ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கொச்சியில் எஞ்சிய யூதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். பூர்வீக பூமி என்பது போய் இறங்கியதும் சொந்தமாகிவிடுவது இல்லை. பக்தி அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. வேர் பிடிக்க வைத்தது கற்றுக்கொள்ளும் மனசு, அதிலும் நடு வயதில் புதுத் தொழிலும் புது மொழியும் கற்ற மனசு. கூடவே, பாட்டி நோட்டைத் தூக்கி எறியாத மனசு.

துபாயிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியுமா? தினம் அரை மணி நேரம் ஒதுக்கி உட்கார வையுங்கள். உங்கள் அம்மா எழுதி வைத்த சமையல் குறிப்பையாவது அவர்கள் படிக்கட்டும்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்