ஒரு செல் போனால்

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கூடவே மின்கம்பங்களும். உள் கிராமங்களில் கரண்ட் திரும்பிவர வாரக்கணக்கானது. விழாமல் நின்ற செல்போன் கோபுரங்களும் பேட்டரியும் டீசலும் இருக்கும் வரைதான். அதன்பின் வந்த 2012 தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு ஆண்டு. சென்னையைத் தாண்டினால் நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் கடைவாசலில் ஜெனரேட்டர், வீட்டுக்குள் இன்வெர்ட்டர். நம்மில் பலருக்கு பேட்டரி என்ற பொருளோடு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது அப்போதுதான்.

அந்தப் பழக்கத்தில் எல்லோரும் கேட்ட ஒரு வாக்கியம்: "ஒரு செல் போயிடுச்சு சார்." ஆறு செல் உள்ள 12 வோல்ட் டப்பாவில் ஒன்று போனதற்கு முழு டப்பாவையும் ஏன் தூக்கிப் போட வேண்டும்? எது போனது என்று எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விகளுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

பாடப்புத்தகம் பேட்டரியை மின்கல அடுக்கு என்கிறது. பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆனால் விஷயம் 'அடுக்கு' என்பதில்தான் இருக்கிறது. 1800இல் வோல்ட்டா செய்து காட்டியதே ஓர் அடுக்கைத்தான்: துத்தநாகம், உப்புநீரில் நனைத்த அட்டை, வெள்ளி, மறுபடி துத்தநாகம். தொடர் இணைப்பில் வோல்ட் கூடும், மின்னோட்டம் எல்லாவற்றிலும் ஒன்றே. ஆகவே ஒன்று பலவீனமானால் மற்றவை அதற்காகக் காத்திருக்காது. பலவீனமானது முதலில் காலியாகும். மற்றவை அதன் வழியாகவே மின்னோட்டத்தைத் தள்ளும். அதன் துருவமே தலைகீழாகும். அது செத்துக்கொண்டிருப்பது இரண்டு முனையில் மட்டும் மீட்டர் வைப்பவருக்குத் தெரியாது.

இந்தியாவில் இந்தச் சிக்கலோடு முதலில் பெரிய அளவில் மல்லுக்கட்டியது தந்தித் துறை. ஓஷானஸி அமைத்த தந்திக் கம்பிகள் 1855இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. பிற்காலத்தில் இங்கே பரவலாகப் புழங்கியது மினோட்டோ செல். அடியில் செம்புத் தகடும் மயில்துத்தமும், மேலே துத்தநாகம், நடுவில் மணலோ மரத்தூளோ. ஒன்று தருவது ஏறக்குறைய 1.1 வோல்ட். தொலைவு கூடினால் செல்லையும் கூட்ட வேண்டும். நம் வெயிலில் தண்ணீர் வற்றினால் செல்லின் உள்தடை ஏறிவிடும். எல்லாம் தனித்தனி ஜாடி என்பதால், எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அலுப்பான வேலை, ஆனால் சாத்தியமான வேலை.

தொலைபேசி நிலையங்கள் வந்தபோது ஈய அமில பேட்டரி வந்தது. 2 வோல்ட் செல் 24 சேர்த்து 48 வோல்ட். பிளஸ் முனையைத்தான் பூமியில் இணைப்பார்கள், கம்பி அரிக்காமல் இருக்க. பேட்டரி அறை என்று தனியே ஒன்று, அமில நெடியோடு. அங்கே ஹைட்ரோமீட்டரும் ஒரு பதிவேடும். தினம் 24 செல்லையும் அளப்பது கஷ்டம் என்பதால் ஒன்றை 'பைலட் செல்' என்று தேர்ந்தெடுத்து அதை அடிக்கடி அளப்பார்கள். எல்லாவற்றையும் அளப்பது அவ்வப்போது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்குதான் இது. சோற்றுக்கு அது சரி, ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வேகிறது. தொடரில் நிற்கும் செல்களுக்கு அது பாதிதான் சரி. வெப்பத்தையும் வயதையும் பைலட் செல் சொல்லும். பதினேழாவது செல்லில் தகடு உதிர்ந்து அடியில் ஷார்ட் ஆவதை எப்படிச் சொல்லும்?

மொத்த வோல்ட்டும் சொல்லாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சார்ஜர் 53.52 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கிறது, செல்லுக்கு 2.23. ஒரு செல் 1.95க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். மீதி 23 செல்கள் அந்தப் பற்றாக்குறையைப் பங்குபோட்டுக்கொண்டு 2.24க்கு ஏறும். மீட்டரில் அதே 53.52. அந்த மீட்டர் காட்டுவது சார்ஜரின் ஒழுங்கைத்தான். கரண்ட் போகும் நொடியில்தான் பேட்டரியின் நிஜம் வெளியே வரும், அது தெரிந்துகொள்ள மிக மோசமான நொடி.

லாரி, பஸ் பேட்டரிகளிலும் முன்பு செல்கள் கண்ணுக்குத் தெரிந்தன. கறுப்பு எபோனைட் பெட்டி, மேலே தார் பூச்சு, செல்லுக்குச் செல் இணைக்கும் ஈயப் பட்டை வெளியிலேயே. மெக்கானிக் கவை மாதிரியான செல் டெஸ்டரை அந்தப் பட்டைகளில் அழுத்துவார். பெரிய மின்னோட்டம் பாயும்போது எந்த செல்லின் முள் படுக்கிறதோ அதுதான் குற்றவாளி. தாரை உருக்கி, அந்த ஒரு செல்லின் பிளேட்டை மட்டும் மாற்றி மூடிவிடுவார். பிறகு பிளாஸ்டிக் பெட்டி வந்தது. இணைப்புகள் சுவருக்குள்ளேயே போயின. கசிவு குறைந்தது, எடை குறைந்தது, விலையும் குறைந்திருக்கும். செல்லைத் தனியாக அளக்கும் வழி மறைந்தது. மிஞ்சியது மூடியைத் திறந்து, லோடு கொடுத்து, எந்த ஓட்டையில் கொப்புளம் வருகிறது என்று பார்ப்பது. "மெயின்டனன்ஸ் ஃப்ரீ" வந்ததும் அந்த மூடியும் போயிற்று. பராமரிப்பு தேவையில்லை என்று விற்கப்பட்டதில் பாதி, பராமரிக்க முடியாது என்பதுதான் என்று எனக்குத் தோன்றும்.

2012க்கு வருகிறேன். 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு இரண்டு பேட்டரி தொடரில். ஒன்று போனால் கடைக்காரர் சொல்வார்: "ரெண்டையும் மாத்திடுங்கண்ணே." வியாபாரத் தந்திரம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் இன்வெர்ட்டருக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டுமே. அது 21 வோல்ட்டில் நிற்கும், அதாவது ஒன்றுக்கு 10.5. புதியது 12, பழையது 9 என்றாலும் கூட்டினால் 21தான். பழையது தன் எல்லைக்குக் கீழே எப்போதோ போயிருக்கும், இன்வெர்ட்டர் இன்னும் ஃபேனைச் சுற்றிக்கொண்டிருக்கும். கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாதாரண மல்டிமீட்டரால் இரண்டையும் தனித்தனியாக அளந்து காட்டியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

ஈய அமிலம் ஓரளவு மன்னிக்கும். கூடுதலாக சார்ஜ் செய்தால் நிறைந்த செல் தண்ணீரைப் பிரித்து வாயுவாக விடும், அதற்குள் பின்தங்கியது நிறைந்துவிடும். 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயானுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வழக்கமான வகையில் 4.2 வோல்ட் எல்லை. 14 செல்லுக்கு 58.8. ஒன்று 4.4இலும் மற்றவை சராசரி 4.185இலும் இருந்தாலும் கூட்டினால் 58.8தான். இங்கே தவறு கொப்புளமாக வராது, நெருப்பாக வரலாம்.

ஆகவே ஒவ்வொரு செல்லையும் எந்நேரமும் பார்த்தாக வேண்டும். அது அத்தனை சுலபமில்லை. மாடிமேல் மாடியாக நிற்கும் அடுக்கில் உச்சி செல்லின் 4 வோல்ட்டை அளக்க, அளவியின் இரண்டு கம்பியும் தரையிலிருந்து 50 வோல்ட்டுக்கு மேலே நிற்க வேண்டும். அந்த உயரத்தில் சில மில்லிவோல்ட் பிழைகூடக் கூடாது. ஒரு மின்தேக்கியை செல்லோடு இணைத்து நிரப்பி, கழற்றி, கீழே கொண்டுவந்து அளப்பது ஒரு பழைய உபாயம். கிணற்றில் வாளி இறைப்பது போல. 2008இல் லீனியர் டெக்னாலஜி நிறுவனம் 12 செல்லை ஒரே சில்லில் அளக்கும் எல்டிசி 6802ஐ வெளியிட்டது. இன்று பி.எம்.எஸ். என்று நாம் சொல்லும் பலகைகளின் இதயம் அந்த வகைச் சில்லுகள்தான்.

2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் பற்றி எரிந்த புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். நாடெங்கும் அப்படிப் பல தீ. அந்த ஆண்டே ஏஐஎஸ் 156 பாதுகாப்பு விதி இறுக்கப்பட்டது, பி.எம்.எஸ். பற்றிய நிபந்தனைகளோடு. 1953இல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்திலும் பணத்திலும் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் திறந்த ஊர்க்காரர்கள் நாம். இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துக் கற்றிருக்கத் தேவையில்லை.

ஸ்கூட்டரின் திரையில் இப்போதும் ஒரே ஒரு சதவீதம்தான் தெரியும். 14 செல்லின் எண்களும் உள்ளே பலகையில் இருக்கின்றன, பெரும்பாலும் சர்வீஸ் சென்டரின் லேப்டாப்புக்கு மட்டும். வாரண்டி முடிந்த வண்டியைத் தெருமுனை மெக்கானிக் திறந்தால், பி.எம்.எஸ்.ஸுக்குப் போகும் வெள்ளை கனெக்டரைத் தேடுவார். 14 செல்லுக்கு 15 ஒயர். மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் பக்கத்துப் பக்கத்து ஒயரில் வைத்துக்கொண்டே போய், அட்டையில் பேனாவால் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார்.